பாராக்கரையின் மூன்று மிதி

பெரிய மணல்காட்டுக்குத் தெற்கே, புல்வெளி முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஓர் ஆறு வளைந்து போகிறது. அந்த வளைவில் யானை, ஒட்டகச்சிவிங்கி, மான், காட்டெருமை, கழுதைப்புலி, ஆமை எல்லாம் சேர்ந்து ஒரு காலத்தில் பெரிய பட்டணமே நடத்தின. பட்டணத்துக்குப் பெயர் பாராக்கரை. அதற்கு ராஜா ஒரு சிங்கம்.

இதைச் சொல்கிற நான் ஓர் உண்ணிக்கொக்கு. பெயர் பெந்தா. கும்பா என்கிற யானையின் முதுகில் உட்கார்ந்து, உண்ணி பொறுக்கியே வயிறு வளர்த்தவள். ஆகவே யாரோ சொல்லக் கேட்டதை நான் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததையும், பார்க்காமல் விட்டதையும் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள். எனக்குக் கோபம் வந்தால் பாதியில் பறந்து போய்விடுவேன்.

மணல்காட்டுக்கு அப்பாலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒட்டகங்கள் உப்பு சுமந்து வரும். இரண்டு மாத நடை. கதவுப் பலகை அளவுக்கு வெள்ளை வெளேரென்று ஒவ்வொரு பாளமும் இருக்கும். எங்கள் பக்கத்து மண்ணில் உப்பு கிடையாது. உப்பு இல்லாவிட்டால் மான்குட்டிக்குக் கால் நிற்காது, யானைக்குப் பால் சுரக்காது. ஒட்டகங்களுக்கோ பொன் வேண்டும். அவற்றின் ஊரில் பொன்னென்றால் உயிரையே விடுவார்களாம். எதற்கு என்று ஓர் ஒட்டகத்திடம் கேட்டேன். "பளபளன்னு இருக்கும்" என்றது. சரி, அது அவர்கள் பாடு.

பொன் எங்கள் காட்டுக்குள் யாரிடமோ இருந்தது. யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் கூச்சக்காரர்கள், முகம் காட்டமாட்டார்கள். அதனால் வியாபாரம் இப்படி நடக்கும்.

கும்பா உப்புப் பாளங்களைத் துதிக்கையால் தூக்கி, காட்டோரத்துச் சந்தைப்பாறையில் வரிசையாக வைப்பாள். பிறகு தரையை மூன்று முறை ஓங்கி மிதிப்பாள். முதல் மிதிக்கு, உப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது மிதிக்கு, நாங்கள் விலகிவிட்டோம். மூன்றாவது மிதிக்கு, திரும்பிப் பார்க்க மாட்டோம். அந்த அதிர்வு மண்ணுக்குள் ஓடிக் காட்டின் அடிவரைக்கும் போகும்.

மூன்றாவது மிதி விழுந்ததும் ராஜாவிலிருந்து எலிவரை எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நடப்போம். அடிபருத்த பொந்தன்புளி மரத்துக்கு இந்தப் பக்கம் வந்து நிற்போம். மரத்தின் நிழல் கிழக்கே சாய்ந்த பிறகுதான் திரும்புவோம். அதற்குள் ஒவ்வொரு பாளத்துக்குப் பக்கத்திலும் ஒரு பொன்குவியல் இருக்கும். போதும் என்றால் ஒட்டகம் பொன்னை எடுத்துக்கொள்ளும். போதாது என்றால் எதையும் தொடாமல் மறுபடி விலகி நிற்கும். அவர்கள் வந்து இன்னும் கொஞ்சம் வைத்துவிட்டுப் போவார்கள். ஒட்டகம் பொன்னை எடுத்த பிறகுதான் அவர்கள் உப்பைத் தொடுவார்கள். ஒரு வருஷம்கூட ஒரு சிட்டிகை ஏமாற்று நடந்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. பொன்னைப் பார்க்கப் போகும்போது கும்பா ஒரு தழைக்கிளையோடு முன்னால் போவாள். பாறையைச் சுற்றி விழுந்த காலடித் தடங்களை, தலையைத் திருப்பிக்கொண்டே பெருக்கி அழித்துவிடுவாள். தடத்தை வைத்துக்கூட ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று அவ்வளவு மரியாதை.

பாராமல் இருந்ததால் எங்கள் ஊர் பாராக்கரை ஆயிற்று. எந்த ஊருக்காவது இப்படி ஒரு பெயர் உண்டா, சொல்லுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் கொம்பையும் பல்லையும் காட்டிப் பெருமை பேசுவார்கள். நாங்கள் முதுகைக் காட்டியே பெரிய ஆள் ஆனோம். வடக்கே உப்பு வெட்டுகிற ஊர்வரைக்கும் எங்கள் பெயர் தெரியும். ஒவ்வொரு ஒட்டகமும் வந்து சேர்ந்ததும் ஊருக்கென்று ஒரு பாளத்தை நக்குப்பாறையில் வைத்துவிடும். சின்னது பெரியது என்று பார்க்காமல் எல்லா நாக்கும் அங்கே உப்பு நக்கும். சிங்கம் நக்கிய இடத்தில் முயல் நக்கும். அந்தக் கரையில் யாரும் யாரையும் தின்னக் கூடாது. பசித்தால் மேட்டுக்கு அப்பால் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதெல்லாம் என் கால் தரையில் பாவாது, அவ்வளவு கர்வம் எனக்கு.

அந்தக் காலத்து ராஜா சில்லா. பேச்சுக் குறைவு. "மாட்டோம்னா மாட்டோம்" என்பது ஒன்றைத்தான் அடிக்கடி சொல்வார். அவர் வயதாகிக் காலமானார். எங்கள் ஊரில் பட்டம் மகனுக்குப் போகாது, அக்காள் மகனுக்குத்தான். அப்படித் தெம்பா ராஜா ஆனான்.

தெம்பாவைக் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். பிடரி நன்றாக இருக்கும், குரலும் நன்றாக இருக்கும். பட்டம் கட்டிய வருஷம் ஒட்டகங்கள் அவன் கழுத்தில் ஒரு பொன்மணியைக் கட்டிவிட்டன. அன்றிலிருந்து அவன் சும்மா சும்மா தலையை ஆட்ட ஆரம்பித்தான். தண்ணீர் குடித்தாலும் ஆட்டுவான், கொட்டாவி விட்டாலும் ஆட்டுவான். அவனுடைய மந்திரி கோலோ, ஒரு கழுதைப்புலி. அந்த மணியைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் ஆரம்பித்தான்.

"ராஜா, இந்தப் பொன் எங்கேருந்து வந்தது?"

"காட்டுலேருந்து."

"காட்டுல எங்கே?"

தெம்பா யோசித்தான். "தெரியாதே."

"உங்க வாசல்ல விளையுற பொன்னு எங்கே விளையுதுன்னு உங்களுக்கே தெரியாது. வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க ராஜா."

தெம்பாவுக்குச் சுருக்கென்றது. உடனே கும்பாவைக் கூப்பிட்டனுப்பினான். நானும் முதுகில் இருந்தேன்.

"கும்பாம்மா, பொன் கொண்டு வர்றவங்க யாரு?"

"தெரியாது ராஜா."

"இத்தனை வருஷமா தடத்தைப் பெருக்குறீங்க. ஒரு தடம்கூடவா கண்ணுல படல?"

"படக் கூடாதுன்னுதான் ராஜா பெருக்குறேன்."

"இந்த வருஷம் மிதிச்சிட்டு, போற மாதிரி போய், லேசாத் திரும்பிப் பாருங்க. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

கும்பா காதை ஒருமுறை விசிறிக்கொண்டாள். "ராஜா, என் வாய் நிறையப் பொய் சொல்லும். நேத்துகூடத் தூக்கம் வருதுன்னு பொய் சொல்லித்தான் இந்தப் பெந்தாவோட பேச்சை நிறுத்தினேன். ஆனா இந்தக் கால் பொய் சொன்னதில்ல. அதை மட்டும் கேக்காதீங்க."

தூக்க விஷயம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைப் பிறகு தனியாகப் பேசிக்கொண்டேன்.

தெம்பா சிரித்தான். "சரி, விடுங்க. வழக்கம் போலவே நடக்கட்டும்" என்றான். மணி கிணுகிணுத்தது. நாங்களும் நம்பிவிட்டோம்.

அந்த வருஷம் ஒட்டகங்கள் மெலிந்து வந்தன. தலைவன் அமூத்துக்கு நாக்கு வெடித்திருந்தது. உப்பை இறக்கிவிட்டு அப்படியே மண்டி போட்டுவிட்டான்.

"வழியில ரெண்டு கிணறு வத்திப் போச்சு அம்மா" என்றான் கும்பாவிடம். "மூணு பேரை மணல்லயே விட்டுட்டு வந்தோம். திரும்பிடலாம்னுகூடத் தோணுச்சு. பாராக்கரைக்குப் போயிட்டா அந்த யானையம்மா மிதிப்பாங்க, வந்த காரியம் தவறாதுன்னு சொல்லிச் சொல்லித்தான் நடந்தோம்."

கும்பாவின் முதுகு ஓர் அங்குலம் உயர்ந்ததை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே உணர்ந்தேன்.

உப்பை வரிசையாக வைத்தாள். மூன்று முறை மிதித்தாள். ஊரே திரும்பி நடந்தது.

பத்தடி போயிருப்போம். பின்னால் ஆற்றோர நாணலில் சரசரவென்று சத்தம் கேட்டது. காற்று இல்லாத நேரம் அது. கும்பாவின் நடை ஒரு கணம் தயங்கியது.

"அக்கா, என்ன சத்தம்?" என்றேன்.

"என் காலடியில என்னமோ ஓடுது பெந்தா. வழக்கமா வர்ற காலு இப்படிக் கனமா இருக்காது."

"திரும்பிப் பார்க்கலாமா?"

"நம்ம ஊர்ல யாரும் திரும்பினதில்ல" என்றாள் கும்பா. "நீயும் திரும்பாதே."

நாங்கள் திரும்பவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, பெருமையாக நடந்தோம். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

நிழல் கிழக்கே சாய்ந்ததும் கும்பா தழைக்கிளையோடு போனாள். பாறையில் உப்பு வைத்தது வைத்தபடி இருந்தது. பொன் இல்லை. கும்பா முதன்முறையாகத் தரையைப் பார்த்தாள். சின்னச் சின்னத் தடங்கள், வால் இழுத்த கோடுகள், அவற்றின் மேலெல்லாம் கழுதைப்புலித் தடங்கள். கிளை அவள் துதிக்கையிலிருந்து நழுவி விழுந்தது.

அப்போது மணிச் சத்தம் கேட்டது. தெம்பா வந்தான். பின்னால் கோலோவும் அவன் ஆட்களும் ஓர் உருண்டையை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

அது ஓர் அழுங்கு, எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில். பயந்தால் தலையை வயிற்றுக்குள் வைத்துச் சுருண்டுகொள்ளும். எறும்புப் புற்றைத் தோண்டும்போது மண்ணோடு வரும் பொன்தூளைச் செதில் இடுக்கில் செருகித்தான் இத்தனை வருஷமும் கொண்டுவந்திருக்கிறார்கள். உருட்ட உருட்ட அந்தத் தூள் வழியெல்லாம் உதிர்ந்தது. யாரோ மலை போன்ற ஆட்கள் என்று நான் நினைத்திருந்தேன். பார்த்தால் ஒரு பூசணிக்காய் அளவு. இவ்வளவு சின்ன ஆள், ராஜாவும் யானையும் இருக்கிற ஊரை நம்பி வந்துபோனதே என்று எனக்கு அழுகை வந்தது.

"ராஜா, என் காலைப் பொய் சொல்ல வெச்சுட்டீங்களே" என்றாள் கும்பா.

"நீங்க எங்கே பொய் சொன்னீங்க? யாரும் திரும்பிப் பார்க்கலையே" என்றான் தெம்பா. "நாணல்ல முந்தியே படுத்திருக்கிறவன் எதுக்குத் திரும்பணும்?"

கோலோ இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அழுங்கை ராஜாவின் முற்றத்தில் வைத்தார்கள். பொன் விளைகிற இடத்தைக் கேட்டார்கள். அது வாய் திறக்கவில்லை. எறும்பைக் கொட்டிக் காட்டினார்கள், உப்பைக் காட்டினார்கள். தலையைக்கூட வெளியே எடுக்கவில்லை. அழுங்குப் பிடி என்று சும்மாவா சொல்கிறோம். கோலோவுக்கு வெறி வந்து முதுகின் நடுச் செதிலில் ஒரு கடி கடித்தான். பல்லின் நுனி உடைந்து செதிலிலேயே நின்றுவிட்டது. "ஐயோ" என்று கத்திக்கொண்டு அவன்தான் ஓடினான்.

ஒரு நாள், இரண்டு நாள் ஆயிற்று. உருண்டையின் மூச்சு மெலிந்துகொண்டே வந்தது. மூன்றாம் நாள் காலையில் அமூத் ராஜாவின் முன்னால் வந்து நின்றான்.

"நாங்க கிளம்புறோம் ராஜா. உப்பையும் எடுத்துக்கிறோம்."

"எங்கே போவீங்க? பொன்னு இங்கேதானே இருக்கு" என்றான் தெம்பா.

"பொன்னு பல இடத்துல இருக்கு. மேற்கே ஒரு வழி இருக்குன்னு சொல்றாங்க, தூரம் ஜாஸ்தி. பரவாயில்ல. மூணு மிதியை நம்பித்தான் இங்கே வந்தோம், அது போயிடுச்சு." அதைச் சொல்லும்போது அவன் கும்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒட்டகங்கள் வரிசையாக மேட்டில் ஏறி மறைந்தன. கும்பா அப்படியே நின்றாள். பிறகு, "பெந்தா, கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றாள்.

நல்ல உச்சி வெயில். ஊரே பார்த்திருக்க, கும்பா நேராக ராஜாவின் முற்றத்துக்குள் நடந்தாள். கழுதைப்புலிகள் பல்லைக் காட்டின. அவள் நிற்கவில்லை. உருண்டையைத் துதிக்கையால் சுற்றித் தூக்கிக்கொண்டாள். தெம்பா குறுக்கே வந்து நின்றான்.

"என்ன செய்றீங்க கும்பாம்மா?"

"என் கால் கூப்பிட்டு வந்த விருந்தாளி இது. வீட்டுல கொண்டுபோய் விடப் போறேன்."

"நான் ராஜா."

"ஆமா ராஜா. உங்க மாமாவைத் தோள்ல வெச்சுச் சுமந்தவ நான். உங்களை எதிர்க்க வரல. வழி விடுங்க, இது செத்துப்போயிட்டா அப்புறம் நான் தரையில காலை வைக்கவே கூசணும்."

தெம்பா யானையை அண்ணாந்து பார்த்தான். அவளுடைய கண்ணில் தண்ணீர் இருந்தது, கால் அசையவில்லை. அவன் ஒதுங்கினான். ஆனால் மானம் விடவில்லை. "இந்த முற்றத்தைத் தாண்டினா உங்களுக்கு இந்த ஊர் கிடையாது" என்றான். கோலோவிடம் திரும்பி, "எந்தப் பக்கம் போறான்னு பார்த்து, அது எந்தப் பொந்துல நுழையுதோ அங்கே தோண்டு" என்று மெதுவாகச் சொன்னான். மெதுவாகச் சொன்னாலும் சிங்கத்தின் குரல் அல்லவா, ஊருக்கே கேட்டது.

இப்போது நடந்ததைத்தான் நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன்.

முற்றத்து வாசலில் நின்ற ஒட்டகச்சிவிங்கி முதலில் திரும்பியது. கும்பாவுக்கு முதுகைக் காட்டி நின்றது. அதைப் பார்த்துக் காட்டெருமைகள் திரும்பின. மான்கள் திரும்பின. ஆமை மெல்ல மெல்லத் திரும்பியது. தெருவின் இரண்டு பக்கமும் ஊர் முழுக்க முதுகைக் காட்டி நின்றது. அந்த முதுகுகளுக்கு நடுவே கும்பா நடந்தாள். ஒரு தலைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. பெரிய காட்டெருமைகள் நெருக்கி நின்றுகொண்டதில் கோலோவின் ஆட்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வழி கிடைத்துக் கோலோ வெளியே வந்தபோது நாங்கள் போய்விட்டிருந்தோம். பிறகு எனக்கு மான்கள் சொன்ன செய்தி இது. கோலோ ஒட்டகச்சிவிங்கியிடம் போய், "உனக்குத்தான் கழுத்து இவ்வளவு நீளமாச்சே, எந்தப் பக்கம் போனா?" என்று கேட்டானாம்.

"பார்க்கலையே" என்றதாம் ஒட்டகச்சிவிங்கி. "நம்ம ஊர் வழக்கம் அதுதானே."

கழுதைப்புலிகள் கிழக்கே ஓடின. நாங்கள் மேற்கே போனோம்.

அரை நாள் நடையில் ஆறு இன்னொரு முறை வளைகிறது. அங்கே காடு ஆற்றை ஒட்டி வரும். கும்பா அங்கே நின்றாள். உருண்டையை உடனே இறக்கவில்லை. முதலில் நாணல் புதர் ஒவ்வொன்றையும் காலால் விலக்கிப் பார்த்தாள். பாறைக்குப் பின்னால் பார்த்தாள். என்னையும் பறந்து மேலிருந்து பார்க்கச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"இதை அன்னிக்கே செஞ்சிருக்கணும்" என்றாள். "அவங்க பக்கம் பார்க்காம இருந்தது சரி. நம்ம பக்கம் யார் என்ன செய்றாங்கன்னு பார்க்காம இருந்தேனே."

வரும் வழியில் நக்குப்பாறையில் நாக்குப் படாத அடிப்பக்கத்திலிருந்து அவள் பெயர்த்துவந்த ஒரு துண்டு உப்பு துதிக்கை நுனியில் இருந்தது. அழுங்கை ஒரு வேரடியில் வைத்து, பக்கத்தில் அந்த உப்பையும் வைத்தாள்.

"மிதிக்க எனக்கு இப்போ யோக்கியதை இல்ல" என்று உருண்டையிடம் சொன்னாள். "மன்னிச்சிடுன்னு கேக்கவும் வாய் வரல. நான் இந்தப் பக்கம் காவல் நிக்கிறேன். நீ போயிடு."

நாங்கள் அழுங்குக்கு முதுகைக் காட்டி, ஊர் இருந்த திசையைப் பார்த்து நின்றோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. செத்துவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம் மண்ணை மெல்லப் பிராண்டுகிற சத்தம் கேட்டது. கும்பா காதை மட்டும் விரித்தாள், திரும்பவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு பார்த்தோம். அழுங்கு இல்லை. உப்பு அப்படியே இருந்தது.

"எடுத்துக்கலையே பெந்தா" என்றாள் கும்பா.

பாராக்கரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கோலோவின் ஆட்கள் காட்டைத் தோண்டு தோண்டு என்று தோண்டினார்கள். வேர் அறுந்து மரங்கள் சாய்ந்தன. பொன் மட்டும் வரவில்லை. எந்தப் புற்று, எந்த மண் என்று அழுங்குகளுக்குத்தானே தெரியும். கடைசியில் ஊர்க் குளத்தின் கரையையே தோண்டி, இருந்த தண்ணீரையும் வடிய விட்டார்கள். ஒட்டகங்கள் அடுத்த வருஷமும் வரவில்லை, அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. நக்குப்பாறை வெறும் பாறை ஆயிற்று. பிறந்த மான்குட்டிகள் எழுந்து நிற்கத் தடுமாறின. முதலில் காட்டெருமைகள் போயின. பிறகு ஒவ்வொரு குடும்பமாக மூட்டை கட்டின. கோலோ யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனான்.

தெம்பா ஒருவன்தான் மிச்சம். நாக்கு ஊறி ஊறி, ஒருநாள் தன் கழுத்திலிருந்த பொன்மணியை நக்கிப் பார்த்தானாம். கரிக்கவில்லை.

கும்பாவோ அந்த மேல்வளைவிலேயே இருந்தாள். மழைக்காலம் முடிந்ததும் கிளம்புவோம். மணல்காட்டின் ஓரத்தில் காய்ந்துபோன ஓர் ஏரி உண்டு. அதன் தரையில் உப்புக் கரிக்கிற உவர்மண் படிந்திருக்கும். பத்து நாள் நடந்து போய், ஒரு கட்டி பெயர்த்து, துதிக்கையில் சுருட்டிக்கொண்டு பத்து நாள் நடந்து வருவாள். அவளுக்கே உப்பு இல்லாமல் தோல் வெடித்திருந்தது.

"கொஞ்சம் நக்கிக்கிட்டா என்ன அக்கா, யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"எச்சில் பண்ணினதையா அவங்களுக்கு வைக்கிறது?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

கட்டியைப் பாறையில் வைப்பாள். நாணலை விலக்கிப் பார்ப்பாள். பிறகு மூன்று மிதி. முதல் வருஷம் யாரும் வரவில்லை. மழை வந்து கட்டியைக் கரைத்துவிட்டது. இரண்டாம் வருஷமும் அதே கதை.

"போதும் அக்கா, அவங்க மறக்க மாட்டாங்க" என்றேன்.

"மறக்கக் கூடாதுதான். நானும் மறக்கலைன்னு அவங்களுக்குத் தெரியணும்ல" என்றாள்.

மூன்றாம் வருஷம் அவள் நடை தளர்ந்துவிட்டது. வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்தாள். கட்டியைக் கீழே வைக்கவில்லை. பாறையில் வைத்து, நாணலைப் பார்த்து, மிதித்தாள். முன்பு போல் அதிரவில்லை, எனக்கே லேசாகத்தான் தெரிந்தது. திரும்பி நின்றோம். மர நிழல் மெல்ல மெல்லக் கிழக்கே போயிற்று. கும்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"பெந்தா."

"என்ன அக்கா?"

"என் காலடியில என்னமோ நடக்குது. லேசான காலு. நிறையக் காலு."

நான் அலகால் அவள் தோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நிழல் முழுக்கச் சாய்ந்த பிறகு திரும்பினோம். உவர்மண் கட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பொன்குவியல். குவியலின் உச்சியில் ஒரே ஒரு செதில் செருகியிருந்தது. கும்பா துதிக்கை நுனியால் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். செதிலின் நடுவில் ஒரு கழுதைப்புலிப் பல்லின் நுனி குத்தி நின்றது.

பிழைத்துவிட்டது. அதுவே திரும்பி வந்திருக்கிறது. தன்னைக் கடித்த ஊரின் பல்லைத் தானே கொண்டுவந்து கும்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

கும்பா அழுதாள். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். முதுகில் நிற்க முடியாமல் நான் பறந்துவிட்டேன். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. பிறகு அவள் தழைக்கிளை ஒன்றை ஒடித்தாள். தலையைத் திருப்பிக்கொண்டே தடங்களையெல்லாம் பெருக்கினாள். பொன்னை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வியாபாரம் முடிந்ததற்கு அடையாளமாகத் தரையில் ஒரு மிதி மிதித்தாள். அந்த மிதியில் என் காலே தரையைவிட்டு எழும்பியது.

செய்தி பறவை வாயில் மணல்காட்டைக் கடந்தது. பறவை யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருஷம் அமூத் வந்தான். கும்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். பின்னாலேயே மான்கள் வந்தன, காட்டெருமைகள் வந்தன, ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது. ஆமை அதற்கடுத்த வருஷம் வந்தது.

ஒருநாள் தெம்பாவும் வந்தான். பிடரி உதிர்ந்து, எலும்பு தெரிந்தது. தூரத்திலேயே நின்றான்.

"வாங்க ராஜா" என்றாள் கும்பா.

"அப்படிக் கூப்பிடாதீங்க கும்பாம்மா. கொஞ்சம் உப்பு கிடைக்குமா?"

எங்கள் புது நக்குப்பாறையில் அவனுக்கு இடம் விட்டார்கள். அவன் நக்கி முடிக்கும்வரை கும்பா காத்திருந்தாள். "இங்கே உங்களுக்கு ஒரு வேலை இருக்கு" என்றாள். "மிதிக்கிறதுக்கு முன்னாடி நாணலை எல்லாம் விலக்கிப் பார்க்கணும். அங்கே எப்படியெல்லாம் ஒளியலாம்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

தெம்பா தலை குனிந்தான். மணி கிணுகிணுத்தது. காவல்காரனுக்குச் சத்தம் ஆகாது என்று அதைக் கழற்றி ஆற்றில் போட்டான். அதற்குப் பிறகு அவன் பார்த்த நாணலில் ஒரு தவளைகூட ஒளிந்ததில்லை. அதை நான் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஊருக்கு மிதிக்கரை என்று பெயர் வைத்தோம். பாராக்கரையைவிட இரண்டு மடங்கு பெரிதாயிற்று. கும்பா போன பிறகு வேறு யானைகள் மிதித்தன. ஆறு தடம் மாறி அந்த ஊரும் ஒருநாள் போய்விட்டது. கிழக்கே இன்னொரு வளைவில் அதைவிடப் பெரிய ஊர் எழும்பியிருக்கிறது. எத்தனை ஊர் எழும்பினாலும் அங்கே முதலில் நாணலை விலக்கிப் பார்க்கிறார்கள், பிறகு மூன்று முறை மிதிக்கிறார்கள், பிறகு திரும்பி நிற்கிறார்கள். அந்த மிதி எங்கள் கும்பாவின் மிதி.

நம்பி வருகிறவருக்கு வாக்குக் கொடுத்தவர், அவரை வேவு பார்க்காமல் இருந்தால் மட்டும் போதாது, தம் பக்கத்து நாணலில் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று முதலில் விலக்கிப் பார்க்க வேண்டும்.